ஷார்ஜாவில் ஓட்டின வண்டி பெரம்பலூருக்கு ஆகுமா?

"விழுந்து கெடக்குற வண்டியத் தூக்க ஒரு வண்டி. அதுக்குப் பதினோரு லட்சமாடா?"

அம்மா கேட்டது இவ்வளவுதான். பதில் சொல்ல எனக்கு நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசக் கதைதான் இது. ரெக்கவரி வண்டி வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று வாரத்துக்கு ரெண்டு பேராவது போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது.

ஷார்ஜா சனையாவில், அதாவது அங்கேயிருக்கும் தொழிற்பேட்டையில், ஆறு வருஷம் ரெக்கவரி ஓட்டினவன் நான். இசுசு வண்டி, ஸ்லைடிங் பெட். லீவரை இழுத்தால் பெட் பின்னால் சறுக்கிச் சாய்ந்து தரையைத் தொடும். கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்சின் கொக்கியை மாட்டி, பட்டனை அழுத்தினால் கார் தானாக மேலே ஏறும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். ஆனால் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது முதலாளி. டயர், இன்சூரன்ஸ், ஆயில் எல்லாம் அவர் பாடு. ஓட்டத் தெரிந்தவனுக்கு வாங்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன்.

வந்ததும் அதே மாதிரி வண்டியைத் தேட ஆரம்பித்தேன். புதுசாக சேசிஸ், அதாவது அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் உள்ள வண்டி எடுத்து, மேலே ஸ்லைடிங் பாடி கட்டினால் இருபத்தஞ்சு லட்சத்துக்கு மேலே போகும் என்றார்கள். என் கையில் இருந்தது ஒன்பது. மிச்சத்துக்கு ஃபைனான்ஸ் என்றால் மாசத் தவணையை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான் மச்சான் ஒரு வார்த்தை சொன்னார். பெரம்பலூர் நான்கு ரோடு பக்கம் டயர் கடை வைத்திருக்கிறார், நாள் முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்.

"மாப்ள, அங்க எந்த வண்டி நின்னுச்சுங்கிறது வேற. இங்க எந்த வண்டி நிக்குதுன்னு முதல்ல பாரு."

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ரெண்டு மாசம் அவர் கடையில் உட்கார்ந்தேன். திருச்சி–சென்னை ரோட்டில், பாடாலூரிலிருந்து திருமாந்துறை டோல் வரைக்கும் எங்கே எது நின்றாலும் எழுதினேன். மெக்கானிக்குகளிடம், டீக்கடைக்காரர்களிடம், டோல் பையன்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினதும் உண்டு. மொத்தம் 61 வண்டி. அதில் கார் 38. டாடா ஏஸ் மாதிரி சின்னச் சரக்கு வண்டி 9. லாரி, பஸ் 7. மீதி பைக். அந்த 38 காரில் 23 திருச்சி ஷோரூமுக்குப் போனது, 4 சென்னை வரைக்கும். உள்ளூர்ப் பட்டறையில் முடிந்தது பதினொன்றுதான்.

அந்த நோட்டுதான் எனக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது என்பேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் லாரி. ரோட்டில் லாரி கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது "அதத் தூக்கினா ஒரே நாள்ல முப்பதாயிரம்" என்று ஆசை வரும். பழைய லேலண்டில் கிரேன் மாட்டின வண்டி ஒன்று மலிவாகவே வந்தது. ஆனால் ரெண்டு மாசத்தில் ஏழு. அந்த ஏழுக்கும் திருச்சியிலிருந்து கிரேன்காரர்கள் வந்தார்கள், வருஷக்கணக்காக இந்த ரோட்டில் இருப்பவர்கள். போலீஸ் ஸ்டேஷனில், டோலில் அவர்கள் நம்பர்தான் இருக்கிறது. அது போக, நெடுஞ்சாலையில் 1033-க்கு அடித்தால் டோல்காரர்களின் கிரேனே வந்து வழியை அடைக்கும் வண்டியை ஓரமாக ஒதுக்கிவிடும். ஒதுக்குகிற வேலை எனக்குக் கிடையாது. ஒதுக்கின இடத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷோரூமுக்குக் கொண்டுபோவதுதான் என் வேலை. கிரேன் ஆசை அன்றோடு போயிற்று.

அடுத்தது அண்டர்லிஃப்ட். காரின் முன் சக்கரத்தை மட்டும் தூக்கி, பின் சக்கரம் ரோட்டில் உருள இழுத்துப்போவது. வண்டி சின்னது, விலை குறைச்சல், சந்துக்குள் நுழையும். டவுனுக்குள் நோ பார்க்கிங் தூக்குகிறவர்களுக்கு அதை விட்டால் வேறில்லை. ஆறரை லட்சத்துக்கு டாடா 407 ஒன்று வந்தது, கிட்டத்தட்ட அட்வான்ஸ் கொடுக்கப் போய்விட்டேன். நோட்டைத் திரும்பப் புரட்டினேன். நின்ற கார்களில் பாதிக்குப் பாதி டாக்ஸி, அதிலும் இன்னோவாதான் அதிகம். இன்னோவா கிரிஸ்டாவுக்கு இழுவை பின் சக்கரத்தில். முன்னால் தூக்கி இழுத்தால் பின் சக்கரம் சுற்றும், அதோடு கியர்பாக்ஸின் பின்பக்கமும் சுற்றும். கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், இல்லை பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு, ரோட்டோரத்தில், லாரிகள் காதை உரசிக்கொண்டு போகும்போது ஷாஃப்ட் கழற்றுவதா?

ஆட்டோமேட்டிக் கார் இன்னும் மோசம். எஞ்சின் ஓடாவிட்டால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் ஓடாது. சக்கரம் உருண்டால் உள்ளே காய்ந்த நிலையில் தேயும். எலெக்ட்ரிக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டார் கரண்டை உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும். அதை இழுத்துப்போகாதே, ஏற்றிக்கொண்டு போ என்று கார் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள். அறுபது கிலோமீட்டர் இழுத்துப்போய் ஷோரூமில் விட்டபின் "கியர்பாக்ஸ் போச்சு" என்று சொன்னால் யார் தலையில் விழும்?

இன்னொரு கணக்கும் உண்டு, இதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். அண்டர்லிஃப்டில் எடை தொங்குவது பின் அச்சுக்கும் பின்னால். வண்டியின் ரெண்டு அச்சுக்கும் நடுவே பத்து அடி, தொங்குகிற இடம் பின் அச்சிலிருந்து அஞ்சு அடி என்று வையுங்கள். 800 கிலோவைத் தூக்கினால் முன் சக்கரத்தின் மேலிருக்கும் பாரத்தில் 400 கிலோ குறையும். சீசா பலகை விளையாட்டுதான். ஸ்டியரிங் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும், பிரேக் பிடித்தால் முன் சக்கரம் சறுக்கும். டவுனுக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் தெரியாது. நாலுவழிச் சாலையில் தெரியும்.

ஆக, பெட் வண்டிதான். எத்தனை அடி பெட்?

இதில்தான் நான் முதலில் ஏமாறப் பார்த்தேன். சந்தையில் மலிவாக வருவதெல்லாம் 14 அடி. ஸ்விஃப்ட், வேகன் ஆர், நாலு மீட்டருக்குள் இருக்கும் எல்லாம் அதில் அழகாக உட்காரும். இன்னோவா கிரிஸ்டா 4,735 மில்லிமீட்டர், அதாவது பதினஞ்சரை அடி. ஃபார்ச்சூனர் அதைவிடக் கொஞ்சம் நீளம். 14 அடி பெட்டில் ஏற்றினால் பின்பக்கம் ஒன்றரை அடி வெளியே தொங்கும். தொங்கினால் என்ன, கட்டிவிடலாம் என்றார் தரகர். பின் சக்கரத்துக்குப் பின்னால் பெல்ட் மாட்டக் கொக்கி வேண்டாமா? நான் டேப்போடுதான் வண்டி பார்க்கப் போவேன். தரகர்களுக்கு அந்த டேப்பைப் பார்த்தாலே பிடிக்காது.

17 அடிக்குக் குறையக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த நீளத்துக்குப் போனால் எடை ஏறும், எடை ஏறினால் லைசென்ஸ் பிரச்சினை வரும். வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது இலகு ரக வாகனம். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் இருக்கும் போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. எனக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் நான் தூங்கும்போது ஓட்டப்போவது மச்சான் மகன், அவனிடம் இருப்பது கார் லைசென்ஸ். ராத்திரி டிரைவர் கிடைக்காமல் வண்டி நின்றால் தொழிலே நின்ற மாதிரி. அதனால் ஏழரை டன் என்ற கோட்டைத் தாண்டுவதில்லை.

அந்தக் கோட்டுக்குள் எவ்வளவு தூக்கலாம் என்பது ஆர்.சி.யில் இல்லை, எடைமேடையில் இருக்கிறது. கடைசியில் நான் வாங்கின வண்டி, பெட், ஹைட்ராலிக், விஞ்சு எல்லாம் சேர்த்து வெறும் வண்டியாக 4,620 கிலோ. ஆர்.சி.யில் மொத்த எடை 7,490. மிச்சம் 2,870. டிரைவர், டீசல், சாமான், பக்கத்தில் உட்காரும் ரெண்டு ஆள் போக ஃபார்ச்சூனர் ஏறும், ஏனென்றால் அது ரெண்டு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இதே வண்டியில் சிலர் அரை அங்குலத் தகடு போட்டு பெட் கட்டியிருப்பார்கள், "கெட்டிங்க, யானையே ஏத்தலாம்" என்று. யானையை ஏற்றலாம், ஃபார்ச்சூனரைச் சட்டப்படி ஏற்ற முடியாது. தகட்டிலேயே எடை போய்விட்டது.

மொத்தம் அஞ்சு வண்டி பார்த்தேன். ரெண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று நாமக்கல் பக்கம். புதுப் பெயின்ட், புது ஸ்டிக்கர், கேபினுக்குள் எல்.இ.டி. லைட், எல்லாம் ஜொலித்தது. மாமா கூட வந்திருந்தார், முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர். பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அடியில் போய்ப் படுத்துவிட்டார். வெளியே வந்து, "சேசிஸ்ல வெல்டு வெச்சிருக்கான்" என்றார். பெட்டைத் தாங்கும் சப்ஃப்ரேமை சேசிஸோடு யு-போல்ட்டும் பிளேட்டும் போட்டுப் பிணைக்க வேண்டும். இங்கே சேசிஸின் மேல் விளிம்பிலேயே வெல்டு அடித்திருந்தார்கள். சூடுபட்ட இடத்தில் இரும்பு வலுவிழக்கும், பாரம் ஏறி இறங்கி அங்கேயிருந்துதான் விரிசல் கிளம்பும். ஒரு விரிசல் கிளம்பியும் இருந்தது, அதன் மேலே பட்டி பூசி மூடியிருந்தார்கள். அதன் மேலேதான் அந்தப் புதுப் பெயின்ட்.

அந்த வண்டியில் இன்னொன்றும் பார்த்தோம். வண்டி பார்க்கப் போகும்போது கூடவே ஒரு இன்னோவாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா மகனுடைய டாக்ஸி, டீசல் மட்டும் போட்டுக் கொடுத்தேன். வெறும் பெட்டை ஏற்றி இறக்கிக் காட்டுவது எல்லாருக்கும் வரும். இன்னோவாவை மேலே ஏற்றி, பெல்ட் போட்டு, பெட்டைப் பாதி சாய்த்த நிலையில் எஞ்சினை நிறுத்தச் சொன்னோம். அடியில் ஒருத்தரும் நிற்கக் கூடாது என்று மாமா எல்லாரையும் விரட்டினார். சிலிண்டர் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடு ரெண்டு அங்குலம் உள்ளே போயிருந்தது. சீலோ வால்வோ எதுவோ கசிகிறது. "அது ஆயில் மாத்துனா சரியாயிடும்ணே" என்றார் விற்பவர். மாமா பதிலே சொல்லாமல் போய் காரில் உட்கார்ந்துகொண்டார்.

ரெண்டாவது, திருச்சிப் பக்கம் 2017 மாடல் ஐஷர், 17 அடி ஸ்லைடிங் பெட். பார்க்க அழுக்கு. கேபின் கதவில் துரு, சீட்டில் கிழிசல். சேசிஸ் சுத்தம், யு-போல்ட் பிணைப்பு, சிலிண்டர் தண்டு கண்ணாடி மாதிரி, ஒரு புள்ளி அரிப்புக்கூட இல்லை. சாக்பீஸ் கோடு பத்து நிமிஷத்தில் நகரவில்லை. விஞ்சில் 8,000 பவுண்டு என்று தகடு இருந்தது, மூணரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அந்தக் கணக்கு டிரம்மில் கயிறு முதல் சுற்றில் இருக்கும்போதுதான். சுற்று மேலே சுற்று ஏற ஏற இழுவை குறையும். அதனால் ஒரு கப்பியும் சேர்த்துத் தரச் சொன்னேன். கயிற்றைக் கப்பியில் போட்டு மடித்து இழுத்தால் வேகம் பாதியாகும், பலம் இரட்டிக்கும்.

காகிதத்தில்தான் ரெண்டு வாரம் போயிற்று. ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னார்கள். ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்கும் படிவம் 35-உம் ஃபைனான்ஸ்காரர் கடிதமும் கைக்கு வராமல் ஒரு ரூபாய் தர மாட்டேன் என்று நின்றேன். பாடி மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். சரக்கு வண்டி என்று பதிவாகி, மேலே ரெக்கவரி பெட் உட்கார்ந்திருந்தால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும்போதும் மாட்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டும். பழுதான வண்டியை இழுக்கப் பயன்படும் வண்டிக்கு பர்மிட் வேண்டாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் ஆர்.சி. அப்படிச் சொல்ல வேண்டும். இன்னொன்று, எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்குப் பிறகு வருஷா வருஷம். நான் வாங்கும்போது அந்த 2017 வண்டி அந்த வாசலில் நின்றது. இதைச் சொல்லித்தான் பேரத்தில் ஐம்பதாயிரம் குறைத்தேன். பின் டயர் நாலும் மொட்டை, அதற்கு இன்னும் கொஞ்சம். பன்னிரண்டே முக்காலில் ஆரம்பித்தது பதினொன்று இருபதில் முடிந்தது.

இப்போது நான் தவறவிட்டவை.

பெட் தரையைத் தொடும் கோணத்தை நான் இன்னோவாவை வைத்துத்தான் பார்த்தேன். இன்னோவா உயரம். முதல் மாசமே ஒரு ஹோண்டா சிட்டி வந்தது, ஏற்றும்போது முன் பம்பர் பெட்டின் நுனியில் இடித்தது. நல்லவேளை, இடித்த சத்தத்திலேயே நிறுத்திவிட்டேன். இப்போது நாலடி நீளத்தில் ரெண்டு வேப்பம்பலகை, ஒரு பக்கம் சீவிச் சாய்வாக்கி, எப்போதும் பெட்டிலேயே கிடக்கிறது. ஜீரோ டிகிரி என்கிறார்களே, பெட் மொத்தமும் தரையில் படுத்துவிடும், அந்த வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. விலையும் அதற்கேற்ற மாதிரிதான். சொகுசுக் கார்கள் ஓடும் சென்னை, கோயம்புத்தூரில் தொழில் செய்பவர்கள் அதை யோசிக்கலாம்.

இன்னொன்று, ஆட்கள். இதை ஷார்ஜா எனக்குச் சொல்லித் தரவில்லை. அங்கே கார் நின்றால் கார்க்காரர் டாக்ஸி பிடித்துப் போய்விடுவார். இங்கே ராத்திரி ஒரு மணிக்குப் பாடாலூருக்குத் தெற்கே ஒரு குடும்பம். கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய்க்காரப் பாட்டி. என் கேபினில் டிரைவர் போக ரெண்டு பேருக்குத்தான் இடம். "நாங்க கார்லயே உக்காந்துக்கிறோம் தம்பி, மேல ஏத்திருங்க" என்றார் அவர். பெட்டின் மேல் இருக்கும் காரில் ஆளை உட்கார வைப்பது எமனுக்கு லிஃப்ட் கொடுக்கிற மாதிரி. முடியாது என்றால் கோபித்துக்கொள்கிறார்கள், நியாயமான கோபம்தான். டபுள் கேபின் வண்டி இருக்கிறது, ஆறு பேர் உட்காரலாம், ஆனால் கேபின் நீண்டால் பெட் 14 அடியாகிவிடும், இன்னோவா ஏறாது. ரெண்டும் வேண்டுமென்றால் வண்டி பெரிசாகும், ஏழரை டன் கோடு போகும். சுற்றிச் சுற்றி அதே இடம். கடைசியில் பக்கத்துத் தெரு ஆம்னிக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். போன் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இப்போது "என்ன வண்டி?" இல்லை. "எத்தன பேருங்க இருக்கீங்க?"

வழியில் நின்ற வண்டிக்கு உதவி அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. (ரோட்சைடு அசிஸ்டன்ஸ்) கம்பெனி வேலைகள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெட் வண்டி, ஃபோட்டோ, ஆர்.சி. எல்லாம் அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறார்கள். வேலை வரும், பணம் வருவதற்குத்தான் ரெண்டு மூணு மாசம். அதை நம்பித் தவணை கட்ட முடியாது. நேராகப் போன் செய்பவரிடம் வாங்கும் காசில்தான் டீசல் ஓடுகிறது.

வண்டிக்குப் பூஜை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில். வழக்கமாகத் திங்கள், வெள்ளிதான் நடை திறக்கும், வெள்ளிக்கிழமை போனோம். அம்மா வண்டியைச் சுற்றி எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பெட்டைத் தட்டிப் பார்த்து, "இவ்வளவு நீளமா?" என்றார். ஏன் நீளம் என்று சொன்னேன். பதினஞ்சரை அடியைக் கோயில் வாசலில் காலால் அளந்தும் காட்டினேன்.

முதல் அழைப்பு இன்னோவா இல்லை. இரூர் பக்கம் பள்ளத்தில் இறங்கின ஒரு டாடா ஏஸ், பின்னால் மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். நோட்டில் இப்படிப் பாரத்தோடு பள்ளத்தில் இறங்கினது ஒன்றுகூட இருந்ததில்லை. வெங்காயத்தோடு இழுத்தால் கவிழும், எல்லாவற்றையும் இறக்கினால்தான் கப்பி மாட்டுவேன் என்றேன். ஏஸ்காரரும் நானும் வழியில் நின்ற ரெண்டு பேரும் சேர்ந்து இறக்கி முடிக்க முக்கால் மணி நேரம். இழுத்தது ஏழு நிமிஷம். கையில் ஆயிரத்து ஐநூறுதான் இருந்தது அவரிடம். மீதிக்கு ஒரு மூட்டையைத் தூக்கி என் பெட்டில் போட்டுவிட்டுப் போனார். ராத்திரி எடை போட்டுப் பார்த்துவிட்டு, "அவருக்குத்தான் நாம பாக்கி" என்றார் என் வீட்டுக்காரம்மா.